சாட்டின் ரிப்பன் கட்டிய மூன்று நண்டுகள்

ஒரு மனிதனின் கட்டைவிரலைக் கவிதையால் நசுக்க முடியும். முடியும் என்பதற்குச் சாட்சி நான். குற்றவாளியும் நான்தான். இளரத்தம், ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தலையில் பாதி நரை; மீதி கர்வம்.

பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், படகு மானிய மனு, காதணி விழாப் பத்திரிகை, பேனர் எல்லாம் உண்டு. இடையிடையே வசன கவிதை எழுதுவேன். (எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.) ஏரியைப் பார்த்தால் எழுதுவேன். பார்க்காத நாளில், பார்க்க முடியாமல் போனதைப் பற்றி எழுதுவேன். வலசை வருகிற பூநாரைகளில் என் பேனாவுக்குத் தப்பியது ஒன்றுகூட இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு பஜார் வியாபாரிகள் சிலர் கூடி ஒரு நல்ல காரியம் யோசித்தார்கள். சிறப்புத் தேவை உள்ளவர்களை வேலைக்கு வைத்து, மற்றவர்களைப் போலவே நடத்துகிற கடைகளை ஊரறியப் பாராட்டுவது. ஒரு கேடயம், ஒரு சால்வை, வாசலில் மாட்டிக்கொள்ள ஒரு பலகை. முதல் வருடம் மூன்று கடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். காது கேளாத இரண்டு பெண்கள் தைக்கிற தையல் கடை. டவுன் சிண்ட்ரோம் உள்ள மல்லிகா இலை போட்டுப் பரிமாறுகிற டிபன் கடை. மூன்றாவது, படகுத்துறைப் பக்கம் லூர்து அக்கா நடத்துகிற நண்டு கம்பெனி. அங்கே நண்டைத் தரம் பிரிப்பவர் லைட்ஹவுஸ் குப்பத்துத் தேசப்பன். அவருக்குக் கண் தெரியாது.

பாராட்டுரை எழுதி மேடையில் வாசிக்க ஆள் தேடினார்கள். பேனர் அடிக்க எப்படியும் என் கடைக்குத்தானே வர வேண்டும்? வந்தார்கள், மாட்டிக்கொண்டார்கள்.

விவரம் சேகரிக்க நண்டு கம்பெனிக்குப் போனேன். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, ஒரு தராசு, வரிசையாகப் பிளாஸ்டிக் கூடைகள். கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய சேற்று நண்டுகள், கைது செய்யப்பட்ட ரவுடிகளைப் போல உள்ளே குவிந்து கிடந்து நுரை கக்கிக்கொண்டிருந்தன. நான் உள்ளே போய், ஜோல்னாப் பையைத் தரையில் வைத்துவிட்டு, நோட்டைப் பிரித்தேன்.

"யாருப்பா அது, வழில பைய வச்சது? எடு! எடுடாங்கறேன்!"

லூர்து அக்கா. ஐம்பத்தைந்து வயது, ஐம்பது படகுகளை அதட்டிப் பழகிய குரல். நான் எடுப்பதற்குள் அவரே காலால் தள்ளிவிட்டார். பிறகுதான் கவனித்தேன். வாசலிலிருந்து கடைசி ஸ்டூல் வரை ஒரு பாதை இருந்தது. அதில் ஒரு செருப்புகூடக் கிடக்கவில்லை. ஸ்டூலுக்கு வலப்புறம் ஒரு கூடை, இடப்புறம் ஒரு கூடை. ஒன்பது வருடமாக அவை ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லையாம். தேசப்பனுக்காக அந்தக் கம்பெனி செய்திருந்த தனி ஏற்பாடு அவ்வளவுதான். மற்றபடி, லேட்டாக வந்தால் எல்லோருக்கும் விழுகிற திட்டு அவருக்கும் விழும்.

சேற்று நண்டில் ஒரு மோசடி உண்டு. ஓடு பெரிதாக இருக்கும், கொடுக்கு மிரட்டும், உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. அதற்குத் தொழிலில் 'வாட்டர்' என்று பெயர். சதை நிறைந்தது 'மீட்'. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அடிப்பக்கத்தில், பின்னங்கால் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கல்லாக நின்றால் மீட். கொஞ்சம் இளகினாலும் வாட்டர். விமானம் ஏறுகிற பெட்டியில் நான்கு வாட்டர் கலந்துவிட்டால் அடுத்த முறை பெட்டியையே வாங்க மாட்டார்கள்.

தேசப்பன் அழுத்திக்கொண்டே இருந்தார். "மீட்டு... மீட்டு... வாட்டரு... மீட்டு." மீட் வலது கூடைக்கு, வாட்டர் இடது கூடைக்கு. பசியாவரத்திலிருந்து நண்டு கொண்டுவந்த ஒருவர், "யோவ் தேசப்பா, அது நல்ல நண்டுய்யா, இன்னொருக்கா அமுக்கிப் பாரு" என்று கெஞ்சினார்.

"எத்தினி வாட்டி அமுக்குனாலும் அது சத போடாது மாமா. பசியாவரத்துக்கே திருப்பி இட்டுனு போயி சோறு போடு."

கொட்டகை சிரித்தது. நான் லூர்து அக்காவிடம், நெகிழ்ந்த குரலில், "இவருக்கு வேலை கொடுக்க வேண்டுமென்ற கருணை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"கருணையா? எனுக்கா?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "இவுரு கண்ணு போன பின்னாடி, தம்பி புடிச்ச நண்ட விக்க வருவாரு. நம்ம ஆளு வாட்டருன்னா, இவுரு மீட்டுன்னு சண்ட போடுவாரு. ஒடச்சிப் பாத்தா இவுரு சொன்னதுதான் சரி. ஒரு மாசம் தோத்தேன். அப்பால, எதிர்ல நின்னு கத்தறதுக்கு உள்ள வந்து ஒக்காருய்யான்னு சொல்ட்டேன். அவ்ளோதான் கத."

அந்தக் கதையை அப்படியே எழுதியிருக்கலாம். எழுதினேனா?

தேசப்பன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சார், எங்க தம்பி கல்யாணப் பத்திரிக நீதான அடிச்ச? 'அலைகள் ஆடும் ஆனந்த வேளையில்'னு."

"ஆமாம்" என்றேன், பூரித்துப்போய்.

"தேதிய வுட்டுட்ட."

(உண்மை. பேனாவால் திருத்திக் கொடுத்தேன்.)

"பரவால்ல. இப்போ ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணு வந்து முன்வரிசைல ஒக்காரும். நீ கண்ணப் பத்திப் பேசாத. அது போனது போச்சு, ஊருக்கே தெரியும். இந்தக் கட்டவெரலப் பத்திப் பேசு. அது இன்னா வேல செய்யுதுன்னு சொல்லு. போதும்."

நோட்டில் எழுதிக்கொண்டேன். 'கண் வேண்டாம். கட்டைவிரல்.' அடிக்கோடும் போட்டேன். கடைக்குத் திரும்பி, அந்த அடிக்கோட்டின் மீதே நோட்டை வைத்து, 'இருளின் கரையில் ஓர் இதயத் துடிப்பு' என்ற தலைப்பில் பதினேழு பத்தி எழுதினேன். அதில் 'கண்' முப்பத்தொரு முறை வந்தது. (பிற்பாடு என் மகள் எண்ணிச் சொன்னது.) 'கட்டைவிரல்' ஒரே ஒரு முறை. அதுவும் 'கட்டை' சந்தத்துக்கு ஒத்துவரவில்லை என்று 'பெருவிரல்' என்று மாற்றிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால் வெறும் வெட்கக்கேடு. எனக்கு இன்னொரு யோசனை உதித்தது. மேடையிலேயே தேசப்பன் மூன்று நண்டுகளை அழுத்தித் தரம் சொல்ல வேண்டும்! ஊர் வியக்க வேண்டும்! லூர்து அக்கா ஒத்துக்கொண்டு, விழா அன்று மதியம் மூன்று நண்டுகளைக் கடைக்கு அனுப்பிவைத்தார். ஈரக் கயிறு, அழுக்கு முடிச்சு. தாம்பாளத்தில் வாழையிலை விரித்து அவற்றை வைத்துப் பார்த்தேன். என் அழகுணர்ச்சி புண்பட்டது.

பேன்சி ஸ்டோரில் ரோஸ் நிற சாட்டின் ரிப்பன் வாங்கிவந்தேன்.

நண்டு கட்டுவது எனக்குத் தெரியாது. அதனால் மகா புத்திசாலித்தனமான ஒரு வழி கண்டுபிடித்தேன். கயிற்றுக்கு மேலேயே ரிப்பனைச் சுற்றி, முதுகில் பூ முடிச்சுப் போட்டு, பிறகு கத்தரிக்கோலால் அடியிலிருந்த கயிற்றை நறுக்கி உருவிவிடுவது. என் மனைவி செல்வி ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டே பார்த்தாள்.

"இன்னாங்க, கயிறு பாட்டுக்கு இருக்கட்டுமே. அதும் மேல ரிப்பன் இருந்தா இன்னா?"

"கயிறு தெரியும்."

"தெரிஞ்சா இன்னா? நண்டுன்னா கயிறு இருக்கும்."

"கலை உனக்குப் புரியாது, செல்வி."

(இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட, "கலை உங்களுக்குப் புரியாது" என்று பதில் வரும்.)

தேசப்பனிடம் ரிப்பனைப் பற்றிச் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். கண் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கிற நண்டில் ஆச்சரியம் வைத்தவன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாலை நான்கு மணி. ஷாமியானா, நான்கு ஒலிபெருக்கிகள், ஏரியிலிருந்து உப்புக்காற்று. சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். முன்வரிசையில் தேசப்பனின் மகள், தோழிகளோடு. தையல் கடைக்கும் டிபன் கடைக்கும் கேடயம் கொடுத்தாயிற்று. தேசப்பன் வெள்ளைச் சட்டையில் மேடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை லூர்து அக்காவை உறுத்திக்கொண்டிருந்தது. மேசைமேல் தாம்பாளம். மூன்று ரோஸ் பூக்கள்.

நான் ஆரம்பித்தேன்.

என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு நிதானமாகச் செய்ததில்லை. ஒவ்வொரு கமாவுக்கும் ஏரியைப் பார்த்தேன். ஈரமான நண்டின்மேல் சாட்டின் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. சுருக்கமாகப் பேசியிருந்தால் நின்றிருக்குமோ என்னவோ. மூன்றாம் பத்தியில், "விடியாத விழிகளின் விம்மலே!" என்றேன். தேசப்பனின் தாடை இறுகியது. பார்த்தேன். ஐந்தாம் பத்தியில், "பகலை இழந்த பாவப்பட்ட பறவையே!" என்றேன். அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தோழிகள் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆறாம் பத்தியை எடுத்தேன். நண்டு கடித்தது பிறகு நடந்தது. நான் கடித்தது அப்போதே நடந்துவிட்டது.

எட்டாம் பத்தியில் கூட்டம் வாயைப் பிளந்தது. உருகுகிறார்கள் என்று நினைத்தேன். பசியாவரத்து ஆள் எழுந்து நின்று கையை நீட்டினார்.

"யோவ் சார்! ரிப்பனப் பாருய்யா, ரிப்பன!"

அவர் ரசனையை மெச்சி, அவரை நோக்கி ஒரு புன்னகை செய்தேன். இன்னும் ஒன்பது பத்திகள் வாசித்தேன்.

முடிந்ததும் தாம்பாளத்தை நானே எடுத்துப்போய் தேசப்பனின் மடியருகே நீட்டினேன். மைக் என் கையிலேயே இருந்தது. அவர் வழக்கப்படி நண்டின் முதுகைத் தொட்டு, கட்டியிருந்த இடத்தைத் தடவினார். விரல்கள் நின்றன.

"இன்னா சார் இது? வழுவழுன்னு கீது?"

"அன்பின் நாடா!" என்றேன், மைக்கில்.

ஒன்பது வருடப் பழக்கம். நண்டு என்றால் கட்டியிருக்கும்; கட்டியிருந்தால் அழுத்தலாம். கொட்டகையில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை. அந்த நம்பிக்கையில் அவர் நண்டைத் திருப்பி, கட்டைவிரலை அடியில் வைத்தார். பூ முடிச்சு அழகாக அவிழ்ந்து தரையில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார். மிக மெதுவாகச் சொன்னார்:

"சார். மைக்க ஆஃப் பண்ணு."

பதறிப்போய் மைக்கை இன்னும் அவர் பக்கம் நீட்டினேன். அடுத்து அவர் பேசியது நான்கு ஒலிபெருக்கிகள் வழியாக ஏரியின் அக்கரைவரை போய், என் வம்சத்தை ஒருவர் விடாமல் விசாரித்துவிட்டுத் திரும்பிவந்தது.

லூர்து அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தார். புடவைத் தலைப்பைச் சுற்றிய கையால் கொடுக்கின் மேல்தாடையைப் பிடித்து நெம்பி ஒடித்தார். வெள்ளைச் சட்டையில் ரத்தம். இரண்டாவது நண்டு தலைமையாசிரியையை நோக்கி நடந்தது, அவர் நாற்காலிமேல் ஏறி நின்று, பழக்கதோஷத்தில் "சைலன்ஸ்!" என்றார். மூன்றாவது படியிறங்கிக் கூட்டத்துக்குள் போகப் பார்த்தது. யாரும் கிட்டே வரவில்லை. டிபன் கடை மல்லிகா மட்டும் கேடயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிதானமாக வந்து, பின்னாலிருந்து அதன் முதுகைச் செருப்புக்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கயிறு குடு."

என்னிடம் கயிறு இல்லை. ரிப்பன்தான் இருந்தது.

பொன்னேரிக்கு ஆட்டோவில் போனோம். தையல் போட்டார்கள். நகம் போயிருந்தது. டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை, நுனியில் உணர்ச்சி திரும்புமா என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்றார். சாதாரண ஆளுக்கு அது சாதாரணச் செய்தி. சட்டை பட்டனை எப்படியாவது போட்டுக்கொள்ளலாம். தேசப்பனுக்கு அந்த நுனிதான் வேலை, சோறு, பசியாவரத்து மாமாவை எதிர்த்துப் பேசுகிற தைரியம்.

"இடது கை விரல்...?" என்று இழுத்தேன்.

"அது படிக்காத வெரலு" என்றார். ஆட்டோவில் திரும்பும்போது, "கண்ணு போறப்போ ரெண்டு வருசம் டைம் குடுத்துது சார். நீ ஒரு நிமிசம்கூட குடுக்கல" என்றார்.

அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்க என் பதினேழு பத்தியில் ஒன்றுமில்லை.

மறுநாள் லூர்து அக்கா கடைக்கே வந்தார். "அவுரு ஸ்டூல் அவுருக்குத்தான். யாரையும் புதுசா வக்க மாட்டேன். வெரலு வர்ற வரிக்கும் உன் வெரலு அங்க வரணும்." நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி, "காலைல ஆறு மணிக்கு அனுப்பறேன்க்கா" என்றாள்.

போனேன். தேசப்பன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தன் ஸ்டூலில், நான் பக்கத்தில்.

"அமுக்கு. இன்னா சொல்லுது?"

"மெத்தென்று... எங்கோ தொலைந்த ஒரு நினைவைப் போல..."

"சார். மீட்டா, வாட்டரா?"

"...மீட்?"

இடது கையால் வாங்கி எடை பார்த்துவிட்டு, "வாட்டரு" என்பார். எடை பார்த்தால் அவருக்குப் பாதிதான் தெரியும். மீதிக்கு, சந்தேகமான நண்டுகளை லூர்து அக்கா ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். என்னால் வேலை இரட்டிப்பானது. நண்டைக் கண்டு நான் நடுங்கியதால் எனக்கு மட்டும் கையுறை தந்தார்கள். கையுறை போட்டால் ஒன்றும் தெரியவில்லை என்று கழற்றச் சொன்னார்கள். கூடை மாற்றிப் போட்டதால் மீட் விழுகிற வலது கூடையில் சிவப்புத் துணி கட்டினார்கள். இடுப்பு வலிக்கிறது என்றதும் முதுகுவைத்த நாற்காலி வந்தது. மணிக்கொரு முறை டீ. பாதையில் விட்ட என் செருப்பு இரண்டு முறை ஏரிக்குப் போனது.

கட்டுப் பிரித்த நாள் காலையில் கொட்டகை வேலையை நிறுத்திவிட்டு நின்றது. தேசப்பன் முதல் நண்டை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"ஒண்ணும் தெரில."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. மறுநாளும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மறுநாளும். நான் கவிதை எழுதவில்லை. எழுத வரவில்லை என்று சொன்னால் பொய், வந்தது. எழுதவில்லை.

ஒன்பதாம் நாள், நான் சிவப்புத் துணியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மெதுவாக ஒரு குரல்.

"மீட்டு."

லூர்து அக்கா பிடுங்கி அழுத்திப் பார்த்தார். தலையசைத்தார், அது அவருக்குத் தெரியாதே என்று ஞாபகம் வந்து, "ஆமாய்யா, மீட்டுதான்!" என்று கத்தினார். அடுத்தது, வாட்டர். அதற்கடுத்தது, மீட். பத்து நண்டுகள். பத்தும் சரி. நான் அழுதுகொண்டிருந்தேன். சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"சார் எங்க? கையக் குடு."

கொடுத்தேன். முழங்கைக்குக் கீழே, உட்பக்கம், தையல் தழும்பு விழுந்த அந்தக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கொட்டகை மூச்சைப் பிடித்தது. இன்னொரு முறை அழுத்தினார், சந்தேகத்தின் பலனைக் கொடுப்பவரைப் போல.

"வாட்டரு."

அடுத்த வருடமும் விழா நடந்தது. பாராட்டுரையை எழுதியது என் மகள். போன வருடம் கலவரத்தில் நின்றுபோன நண்டு கம்பெனியின் கேடயத்துக்கு இரண்டே வரி: 'தேசப்பனின் கட்டைவிரல் சொன்னால் சென்னை வரை அப்பீல் இல்லை. அந்த விரலுக்கு ஒரு ஸ்டூலும் இரண்டு கூடையும் கொடுத்தவர் லூர்து அக்கா.' தேசப்பனின் மகள் எழுந்து நின்று கைதட்டினாள். லூர்து அக்கா மைக்கை வாங்கினார்.

"ஒருத்தருக்குத்தான் கேடயம் குடுக்கறீங்கோ. எங்க கம்பெனில ரெண்டு பேரு. தேசப்பனுக்கு நாங்க வழிய மட்டும்தான் வுட்டோம். அதோ, பின்னாடி நிக்கறாரே ஜெராக்ஸ் கடைக்காரு, அவுருக்குத்தான் நாற்காலி, கையுற, செகப்புத் துணி, மணிக்கொரு டீ. அவ்ளோ தேவ இருக்கற ஆளையே நாங்க வச்சிக் காப்பாத்தனோம். ரெண்டாவது கேடயம் எங்க?"

கூட்டம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. செல்விதான் கடைசியாக ஓய்ந்தாள். இன்றும் வீட்டில் நான் கண்ணாடியைத் தேடினாலோ இரண்டாவது டீ கேட்டாலோ, என் மகள், "அம்மா, நைனாக்கு செகப்புத் துணி கட்டு" என்பாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் கொட்டகைக்கு எடுத்துப்போய் தேசப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். (பையை வெளியே வைத்துவிட்டுத்தான் போனேன்.) கடைசிவரை கேட்டார். எத்தனை பக்கம் என்றார். சொன்னேன். தாள்களைக் கொடு என்று கையை நீட்டினார். நகம் கோணலாக முளைத்த அந்தக் கட்டைவிரலால் நடுப்பக்கத்தில் அழுத்தினார். ஒரு கணம் யோசித்தார்.

பிறகு தாள்களை இடது கூடையில் போட்டார்.